உணவுக்குழாய் படுத்த கதை

முன்பு ஒரு மாட்டுத் தரகர் இருந்தார், வேலாண்டி என்று பெயர். சந்தையில் நின்றபடியே தின்று பழகியவர். அவர் நெஞ்சுக்குள் ஓர் உணவுக்குழாய் இருந்தது. வாய் அனுப்பும் கவளத்தை அமுக்கி அமுக்கி வயிற்றுக்குத் தள்ளுவது அதன் வேலை. அதுவோ பெரிய வேலைக்கள்ளன்! கீழேயிருந்து புவியீர்ப்பு இழுத்துக்கொள்ளும். குழாய் பேர் வாங்கிக்கொள்ளும்.

"பார்த்தியா என் வேகத்தை?" என்று வயிற்றிடம் பீற்றிக்கொள்ளும். புவியீர்ப்பு தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நாளாக, வேலாண்டி கட்டிலில் சாய்ந்து எதைத் தின்றாலும் நடுநெஞ்சில் நின்றுகொண்டது. மனுஷன் பயந்துபோய்ப் பாதி ஆளாகிவிட்டார். "எல்லாம் நடிப்பு" என்றாள் மனைவி குருவம்மாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள்.

எக்ஸ்ரே அறையில் அவரை நிற்கவைத்து, திரையில் தெரியும் வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொன்னார்கள். அது சறுக்குமரம் விளையாடுவதுபோல வயிற்றில் போய் விழுந்தது.

"நான்தான் சொன்னேனே!" என்றாள் குருவம்மாள். வேலாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் பேச்சை இனி யார் நம்புவார்கள்? உள்ளே குழாய்க்குத் தலைகால் புரியவில்லை. "தப்பிச்சோம்டா!" என்றது.

டாக்டர் மரகதவல்லி விடவில்லை. "ஐயா, இப்ப படுத்துக்கிட்டே குடிங்க."

குழாய் பதறிப்போய்க் கூப்பிட்டது. "ஈர்ப்பண்ணே! எங்கேண்ணே போனே?"

"எங்கேயும் போகலே. கீழேதான் இழுக்கிறேன். இப்போ கீழேன்னா இவரோட முதுகு."

"யாராவது தள்ளுங்கப்பா!" என்று நடுவழியில் கத்தியது மருந்து. குழாய் முக்கியது, முனகியது, லேசாக நடுங்கியது. மருந்து அசையவில்லை.

"குழாய்தான் சோர்ந்துபோயிருக்கு. இனி வைத்தியம் பார்த்துடலாம்" என்றார் டாக்டர், திரையைக் காட்டி.

குருவம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, நான் பாவி, உங்களைப் போய் நம்பாம இருந்துட்டேனே!" வேலாண்டிக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

குழாய்க்கு மானம் போய்விட்டது. "கூடவே இருந்து இப்படிக் காட்டிக்கொடுத்துட்டியே, அண்ணே!" என்று பொருமியது.

"நானா?" என்றது புவியீர்ப்பு. "உன் வேலையை நான் செய்யலே, தம்பி. அவ்வளவுதான்."