படியில்லாத மண்டபம்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி உலகம்மை என்ற துறவி. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மடத்தின் சமையல்காரர் பேச்சிமுத்து பேரன் எடுத்தவர். ஆனாலும் உலகம்மையைத்தான் குருவாக ஏற்றிருந்தார். "அம்மா" என்று கூப்பிடுவார். அம்மா அவரை "அண்ணாச்சி" என்பார்.

பேச்சிமுத்துவுக்குப் பெரிய குரல். அடுப்படியில் நின்று "உப்பு இல்ல" என்று அவர் சொன்னால், தெருமுனைக் கடைக்காரர் உப்பைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் பலா மரத்தில் ஏறினார். பழத்தைக் கட்டிப்பிடித்தபடியே கீழே விழுந்தார். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று.

இனி நடக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பேச்சிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்க வந்தவர்களிடம் பேசவில்லை.

அம்மா ஒரு தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"எனக்கு ஏன் இப்பிடி ஆச்சு, அம்மா?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

அம்மா தூக்குவாளியைத் திறந்து, சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் கொடுத்தார்.

பேச்சிமுத்து வேண்டாவெறுப்பாக வாங்கினார். அவருடைய கண்கள் விரிந்தன.

"இது என்னது?"

"சாம்பார்."

"யாரு வச்சது?"

"குற்றாலிங்கம் ஐயா."

குற்றாலிங்கம் மடத்தின் காரியஸ்தர். சமையலுக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவரே கரண்டியைப் பிடித்திருந்தார்.

"புளியக் கரைச்சாரா, புளிய மரத்தையே கரைச்சாரா? பருப்பு வேகவே இல்லியே! இதையா எல்லாரும் திங்குதாவ?"

"தினமும்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியா?"

"தவம்னு நினைச்சுக்கிட்டோம்."

பேச்சிமுத்து கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்காரப் பார்த்தார். பாதி எழுந்தார். விழுந்து சேர்ந்ததிலிருந்து அன்றுதான் அவ்வளவு எழுந்தார்.

"என்னைய எப்ப வீட்டுக்கு விடுவாவ?" என்று கத்தினார். வார்டு முழுக்க விழித்துக்கொண்டது.

அதன் பிறகு பயிற்சிக்குப் போனார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும், நாற்காலியிலிருந்து விழுந்தால் திரும்ப ஏறவும், சிறுநீரை நேரம் பார்த்துக் குழாயால் எடுக்கவும் கற்றுக்கொண்டார். பலமுறை விழுந்தார். சில நாள் அழுதார். அழுத நாளிலும் பயிற்சிக்குப் போனார்.

மடத்துக்குத் திரும்பியபோது அவருடைய தோள்கள் பயில்வானுடையவை போல் இருந்தன. நேராக அடுப்படிக்கு நாற்காலியை உருட்டினார். வாசலில் மூன்று படிகள் இருந்தன. நின்றுவிட்டார்.

இருபது வருஷமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். அங்கே படி இருப்பதை அன்றுதான் பார்த்தார்.

குற்றாலிங்கம் உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அவர் கெட்டவர் அல்ல. கருணை அதிகம். சிக்கலே அதுதான்.

"நீரு எதுக்குவே கஷ்டப்படணும்? உக்காந்த இடத்துல நாமத்தச் சொல்லிக்கிட்டு இரும். எங்க போணும்னாலும் நாலு பேரு தூக்கிட்டுப் போறோம்."

தூக்கினார்கள். பேச்சிமுத்து நாற்காலியோடு தோள்களுக்கு மேல் உயர்ந்து, உற்சவர் போல ஆடி ஆடிப் போனார். எதிரே வந்த யாத்திரிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் குழந்தையைக் காட்டித் திருநீறு கேட்டார். ஒரு பெண் தேங்காய் உடைத்தார்.

"நான் கக்கூஸுக்குப் போயிட்டிருக்கேன், தாயி!" என்று அலறினார் பேச்சிமுத்து.

மறுநாள் அவர் குற்றாலிங்கத்திடம் போனார்.

"ஐயா, அடுப்படி வாசல்ல ஒரு சாய்தளம் போட்டாப் போதும். நானே உருட்டிட்டு ஏறிருவேன். ஆஸ்பத்திரியில எல்லா வாசல்லயும் இருந்துச்சு."

"பழைய கட்டடம்வே. ஒருத்தருக்காகக் கல்லப் பேத்தெடுக்கச் சொல்லுதீரா? அழகு போயிரும். அதான் நாங்க தூக்குதோமே. என்னைக்காவது மொகம் சுளிச்சோமா?"

சுளிக்கவில்லை. அதனால்தான் பேச்சிமுத்துவால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

அம்மாவைத் தேடிப் போனார். அம்மா தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் தாங்கிக்கிட ஒரு வழி சொல்லுங்க, அம்மா."

"எதைத் தாங்கணும்?"

"என் நெலமைய."

"அதுல எதை? காலையா?"

பேச்சிமுத்து யோசித்தார். "காலை நெனச்சு அழுதுட்டேன். இன்னமும் அழுவேன். ஆனா அது என் காலு. அதுக்கும் எனக்கும் உள்ளத நாங்களே பாத்துக்கிடுவோம்."

"முதுகு வலியா?"

"அது வரும், போவும்."

"பின்ன?"

"அந்த மூணு படி, அம்மா."

அம்மா குடத்தைக் கீழே வைத்தார். "படியைத் தாங்கிக்கிடறதுக்கு எனக்கு வழி தெரியாது, அண்ணாச்சி."

"நீங்க ஒரு வார்த்த சொன்னா காரியஸ்தர் கேப்பாரே."

"கேப்பாரு. அப்புறம் நான் வாங்கிக் குடுத்த பாதையில நீங்க போவீங்க. நீங்களே கேளுங்க."

"கேட்டேனே."

"எப்பிடிக் கேட்டீங்க?"

"பணிவா."

"உப்பு இல்லன்னா அப்பிடித்தான் கேப்பீங்களா?"

பேச்சிமுத்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அம்மா கல் வேலைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் பௌர்ணமி. மடத்து மண்டபத்தில் சொற்பொழிவு உண்டு. ஊரே வரும்.

ஊர் வந்தபோது மண்டபம் இருந்தது. படிகளைக் காணோம். படிக்கற்கள் பெயர்க்கப்பட்டு மதிலோரம் அடுக்கியிருந்தன. நெஞ்சளவு உயரத்தில் மண்டபத்தின் தரை நின்றது. அதன் மேல் அம்மா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜனங்கள் கீழே கூடி நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேச்சிமுத்து தன் நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். முதல்முறையாக எல்லோரும் அவரோடு கீழேயே இருந்தார்கள்.

குற்றாலிங்கம் சந்தனம் பூசி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நிலைமையைப் பார்த்தார். விளிம்பைப் பிடித்து ஓர் எம்பு எம்பினார். வயிறு மேலே போய்விட்டது. மற்றதெல்லாம் கீழேயே தங்கிவிட்டது. வேட்டியும் தன் பொறுப்பை மறக்கத் தொடங்கியது.

நாலு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா!" என்று அந்தரத்திலிருந்து கூவினார் குற்றாலிங்கம். "படி இல்லாம எப்பிடி ஏறுறது?"

"எல்லாருக்கும் கால் இருக்கே, ஐயா."

"காலு இருந்தாப் போதுமா? படி வேண்டாமா?"

"அதான் நாலு பேர் தூக்குறாங்களே. யாரும் முகம் சுளிக்கலையே."

குற்றாலிங்கம் தலையை மெல்லத் திருப்பிப் பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி ஏதோ கேக்கணும்னு சொன்னாங்க," என்றார் அம்மா.

பேச்சிமுத்துவுக்கு இத்தனை பேர் முன்னால் தன் இயலாமையைப் பேச வேண்டுமா என்று கூசியது. சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு உப்பு நினைவுக்கு வந்தது போல, அவருடைய பழைய குரல் வந்தது. மண்டபத்து மேலிருந்த புறாக்கள் பறந்தன.

"எனக்கு அடுப்படிக்குள்ள போணும்! தூக்கிட்டுப் போவேண்டாம். நானே போணும். வாசல்ல சாய்தளம் வேணும். அடுப்ப எறக்கிக் கட்டணும். கக்கூஸ் கதவ அகலப்படுத்தணும். இந்த மண்டபத்துக்கும் படியோட சேத்து ஒரு சாய்தளம் வேணும். எனக்கு மட்டும் கேக்கல. ஏற முடியாதவங்க இந்த ஊர்ல நான் ஒருத்தன்தானா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாம்பாருக்காகவாவது போட்டுருங்கய்யா!"

கூட்டம் சிரித்தது. குற்றாலிங்கமும் சிரித்தார், தூக்கியிருந்தவர்களின் தோள்களும் சேர்ந்து குலுங்கின.

"போடுதேன், போடுதேன். மொதல்ல என்னைய எறக்குங்க."

கொத்தனார் கட்டிய முதல் சாய்தளம் செங்குத்தாக இருந்தது. பேச்சிமுத்து அதில் ஏறப் போய், பின்பக்கமாக உருண்டு கொத்தமல்லிப் பாத்தியில் போய் நின்றார். தலையில் தழையோடு அவர் போட்ட சத்தத்தில் கொத்தனார் அன்றே உடைத்துவிட்டார். அடுத்ததை நீளமாக, தணிவாகக் கட்டினார்கள். பேச்சிமுத்து பக்கத்திலேயே இருந்து ஏறி ஏறிப் பார்த்துச் சொன்னார்.

அடுப்பு இறங்கியது. கதவு அகன்றது. அவர் வைத்த முதல் சாம்பாரைக் குற்றாலிங்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டார். பிறகு இன்னொன்று.

அடுத்த பௌர்ணமிக்கு மண்டபத்தில் படிகளும் திரும்பி வந்திருந்தன, பக்கத்தில் சாய்தளமும் இருந்தது. ஊன்றுகோலோடு ஒரு டீச்சர் வந்தார். பக்கவாதம் வந்த தகப்பனாரை மகள் நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊரிலிருந்து கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள்.

குற்றாலிங்கம் அசந்துபோனார். "இம்புட்டுப் பேரும் இத்தன நாளா எங்கவே இருந்தாவ?"

"வீட்டுல," என்றார் பேச்சிமுத்து.

அடுப்படிச் சாய்தளத்துக்கும் ஆள் சேர்ந்தது. அரிசி மூட்டைக்காரர் வண்டியோடு அதில்தான் ஏறினார். பால்காரர் சைக்கிளை அதில்தான் தள்ளினார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பிரசாதம் வாங்க அதில்தான் வந்தாள். குற்றாலிங்கத்துக்கு முட்டி வலி, அவரும் அதில்தான். படிகள் பக்கம் ஓர் ஆடு மட்டும் போனது.

ஒரு காலையில் பேச்சிமுத்து கோபமாக அம்மாவிடம் வந்தார்.

"அடுப்புல உலை கொதிக்குது. உள்ள போவ முடியல. நான் கத்திக் கேட்டு வாங்குன பாதை அம்மா அது! எனக்கு முன்னால மூட்ட நிக்கி, சைக்கிள் நிக்கி, காரியஸ்தர் நிக்காரு. எனக்கே வழி இல்ல. நான் இப்ப என்ன செய்ய?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வரிசையில போங்க, அண்ணாச்சி."