எதிர்வரிசைக்காரன்

"நான் எந்தப் பக்கம் போகப்போறேன்னு உனக்கு எப்படித் தெரியுது?" என்று டூடெக் கேட்டான்.

ஆட்டம் முடிந்திருந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இருவர் உடம்பிலும் சேறு.

லேத்தினன் நின்றான். மதியம் முழுக்க டூடெக்கைத் தள்ளிச் சாய்த்தவன் அவன்தான்.

அவன் டூடெக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

பிறகு தன் அணியோடு போய்விட்டான்.

*

காஸிமிர் டூடெக் பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி ஊரில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். அண்ணன்களும் அதே சுரங்கத்துக்குள்தான் இறங்கினார்கள். டூடெக்குக்குக் கதவு அகலத்துக்குத் தோள். அந்தத் தோள்தான் அவனைச் சுரங்கத்துக்குப் போகவிடாமல் அமெரிக்கக் கால்பந்துக்குக் கூட்டிவந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். கார்ல்டன் அணி அவனை லைன்மேனாக எடுத்துக்கொண்டது.

லைன்மேன் பந்தைத் தொடமாட்டான். இரண்டு வரிசைகள் எதிரெதிரே குனிந்து நிற்கும், ஒரு கை தரையில் ஊன்றியிருக்கும். பந்து பின்னால் நிற்பவன் கைக்குப் போனதும் எதிரே இருக்கிறவனைத் தடுக்க வேண்டும். பந்தோடு ஒருவன் ஓடப்போகிறான் என்றால் லைன்மேன் முன்னால் பாய்ந்து வழி திறக்க வேண்டும். பந்தை எறியப்போகிறார்கள் என்றால் பின்வாங்கி, எறிகிறவனுக்குக் காவல் நிற்க வேண்டும்.

இரண்டில் எது என்று எதிராளிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கண் இமைக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் லைன்மேன் பிழைக்கிறான்.

ஓடுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். எறிகிறவன் படம் பத்திரிகையில் வரும். லைன்மேன் எழுந்து, துடைத்துக்கொண்டு, மறுபடி குனிவான்.

டூடெக்குக்கு அதில் குறை இருந்ததில்லை. நாலு வருஷம் அவனைத் தாண்டிப் போனவர்கள் குறைவு.

அப்புறம்தான் போர்ட் ஹாலி அணிக்கு ஆர்வோ லேத்தினன் வந்து சேர்ந்தான்.

டூடெக்கைவிட வயதில் சின்னவன். உடம்பும் இளைத்ததுதான். மிச்சிகனின் வடகோடியில், பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் ஊர் அவனுடையது. பேச்சு குறைவு. அவன் குரலையே கேட்காதவர்கள் அவன் அணியிலேயே இருந்தார்கள்.

எதிர்வரிசையில் டூடெக்குக்கு நேரெதிரே நின்றான். டூடெக் முன்னால் பாய்ந்தால் அவன் விலகியிருந்தான். டூடெக் பின்வாங்கினால் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போனான். அவன் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பவில்லை. டூடெக் அசைவதற்கு முன்பே அவன் அசைந்தான்.

*

"என்ன, கையையே பாத்துக்கிட்டு?" என்று கேட்டாள் ஸோஃபியா. டூடெக்கின் மனைவி.

"லேத்தினன் பாத்தான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை."

அவள் அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரல்கள் எப்போதோ உடைந்து கோணலாய்க் கூடியிருந்தன. நகங்கள் கருத்திருந்தன.

"பாக்க ஒண்ணும் இல்லையே," என்றாள்.

*

அடுத்த வருஷமும் இரண்டு அணிகளும் மோதின.

ஆட்டத்தின் நடுவில் டூடெக் பின்வாங்கினான். லேத்தினன் அதற்குள் அவனைக் கடந்திருந்தான். பின்னால் பந்தை எறியக் கையை ஓங்கியிருந்தான் கார்ல்டனின் எறிகிறவன் டோனெல்லி. லேத்தினன் வருவதை அவன் பார்க்கவே இல்லை.

விலா எலும்பு முறிந்தது. டோனெல்லியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். போகும்போது அவன் டூடெக்கின் சட்டையைப் பிடித்தான்.

"உன் தப்பு இல்லை, காஸ்," என்றான்.

திட்டியிருந்தால் டூடெக் தாங்கியிருப்பான்.

அந்த வாரம் கோச் பிராண்ட் அவனைக் கூப்பிட்டார்.

"அடுத்த சீசனுக்கு உன் இடத்துக்கு ஆள் பாக்கறேன்."

"எனக்கு ஆடத் தெரியலையா, கோச்?"

"தெரியுது. ஆனா அவனுக்கு உன்னைத் தெரியுது. மத்த அணிக்காரங்களும் எப்படின்னு கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. நீ அதைக் கண்டுபிடிச்சுட்டு வந்தா, ஜூலையில பாக்கலாம்."

*

மார்ச் மாதம் டூடெக் லேத்தினனின் ஊரைத் தேடி வடக்கே ரயிலேறினான். ரயில் போகும் தூரம்வரை போய், பிறகு பஸ் பிடித்தான். அங்கே இன்னும் பனி உருகவில்லை.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் சொற்பம். சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போவார்கள். லேத்தினன் காட்டோரத்தில் மரக்கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

டூடெக்கைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. ஒரு கட்டையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

டூடெக் மேல்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுமுனையைத் தூக்கினான்.

லாரி நிறையும்வரை இருவரும் ஏற்றினார்கள்.

"எனக்கு வேலை போகப்போகுது," என்றான் டூடெக், மூச்சு வாங்கிக்கொண்டே. "நீ என் கையைப் பாத்தே. என் மனைவியும் பாத்தா. ஒரு வருஷத்துக்கு மேல நானும் பாக்கறேன். ஒண்ணும் புரியலை."

"குனி," என்றான் லேத்தினன்.

"இங்கேயா?"

"குனி."

டூடெக் பனியில் குனிந்தான். வலது கையை ஊன்றினான்.

"ஓடறவனுக்கு வழி திறக்கணும். முன்னால பாயப்போறே."

டூடெக் உடம்பை இறுக்கிக்கொண்டான்.

"எழுந்திரு. தள்ளி வந்து குனி. இப்ப எறியறவனைக் காக்கணும். பின்னால போகப்போறே."

டூடெக் தயாரானான்.

"எழுந்திரு."

டூடெக் எழுந்தான். லேத்தினன் கயிற்றை எடுத்துக்கொண்டு கட்டைகளைக் கட்டப் போய்விட்டான்.

டூடெக் காத்திருந்தான். வேறொன்றும் நடக்கவில்லை. கடைசியில் கீழே பார்த்தான்.

பனியில் இரண்டு கைத்தடங்கள் இருந்தன. ஒன்றில் விரல்கள் தரைவரை இறங்கியிருந்தன. குழிகளின் அடியில் கறுப்பு மண் தெரிந்தது. இன்னொன்றில் விரல்கள் பனியைத் தொட்டதோடு சரி. குருவி உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

முன்னால் பாயப்போகும்போது உடம்பின் கனம் முழுக்க விரல்களுக்கு வந்துவிடுகிறது. பின்வாங்கப்போகும்போது கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம், தான் செய்யப்போவதை எதிரே நிற்பவனிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் செய்திருக்கிறான்.

டூடெக்குக்குக் காது சூடேறியது.

"சூப் ஆறிடும்," என்று லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து லேத்தினன் கூப்பிட்டான். "சாப்பிட்டுட்டுப் போ."

*

வசந்தம் முழுக்க டூடெக் வீட்டுக் கொல்லையில் குனிந்து நின்றான். ஸோஃபியா ஈரத்துணிகளைக் கொடியில் போட்டபடி அவன் கையைப் பார்த்தாள்.

"முன்னால," என்பாள். சரியாக இருக்கும்.

"பின்னால," என்பாள். அதுவும் சரியாக இருக்கும்.

அவன் கனத்தைத் தொடைக்கு மாற்றிப் பார்த்தான். இடுப்புக்கு மாற்றிப் பார்த்தான். ராத்திரி முதுகு வலியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினான்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அவள், "முன்னால," என்றாள்.

அவன் பின்னால் போனான்.

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "மறுபடி குனி."

அவன் குனிந்தான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "தெரியலை, காஸ்," என்றாள். "இப்ப எனக்குத் தெரியலை."

*

அந்த வருஷம் பட்டத்துக்கான ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சந்தித்தன.

முதல்முறை குனிந்தபோது லேத்தினன் டூடெக்கின் கையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தான்.

மோதல் சத்தம் பார்வையாளர் வரிசையின் கடைசிப் படிவரை கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

லேத்தினன் இடமும் வலமும் முட்டிப் பார்த்தான். வழி கிடைக்கவில்லை. டோனெல்லியின் சட்டையில் மாலைவரை ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லை. கார்ல்டன் பட்டம் வாங்கியது.

தோற்ற அணியின் கோச் லேத்தினனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வைத்துத் திட்டினார். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த சீசனில் பாதி ஆட்டங்களுக்கு அவனை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"லேத்தினன் கதை முடிஞ்சுது," என்று கார்ல்டன் அறையில் யாரோ சிரித்தார்கள்.

டூடெக் எழுந்து வெளியே போனான். லேத்தினனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். ஆனால் வாசலோடு நின்றுவிட்டான்.

*

லேத்தினன் திரும்பி வந்தான்.

வந்தவன் பழைய ஆள் இல்லை. கையையோ காலையோ பார்ப்பதை விட்டுவிட்டிருந்தான். மோதிய வேகத்திலேயே உடம்பைச் சுழற்றி நழுவப் படித்திருந்தான். முதல் ஆட்டத்தில் டூடெக் காற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

டூடெக் மறுபடி கொல்லைக்குப் போனான். பாதங்களை அகலமாக வைத்துக் காத்திருக்கப் பழகினான். அடுத்த முறை சுழன்றவனை நெஞ்சோடு பிடித்து நிறுத்தினான். லேத்தினன் வேறொன்று கண்டுபிடித்தான். டூடெக் அதற்கும் பதில் தேடினான்.

வருஷங்கள் இப்படியே போயின.

பந்தைப் பார்க்க வந்தவர்கள் பந்தை மறந்து அந்த இருவரைப் பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல இடம் பிடிக்க நேரத்தோடு வந்தார்கள். லைன்மேனைப் பற்றி எழுதாத பத்திரிகைகள் எழுதின. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று இருவரையும் ஒரே வருஷம் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற அணிகளின் கோச்சுகள் தங்கள் ஆட்களை டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்ததும் லேத்தினன் ஒருமுறை தலையசைப்பான். டூடெக்கும் தலையசைப்பான்.

போர்ட் ஹாலிக்குப் பட்டம் கிடைக்கவே இல்லை.

*

டூடெக்கின் கடைசி சீசன். லேத்தினனுக்கும் அதுதான் கடைசி. அவன் இடது முட்டியில் இரண்டாவது ஆபரேஷன் ஆகியிருந்தது. துணி சுற்றிக்கொண்டு ஆடினான்.

"அந்த முட்டியில இடி," என்றார் பிராண்ட். "கால்மணி நேரம் தாங்கமாட்டான்."

அப்போது அதை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். விதியில் அதற்கு இடம் இருந்தது.

"மாட்டேன்," என்றான் டூடெக்.

"ஏன்?"

டூடெக் குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினான்.

"ஏன்னு கேக்கறேன்."

"தெரியலை, கோச்."

அன்றைக்கு லேத்தினன் அவனை இரண்டு முறை தாண்டிப் போனான். இரண்டாவது முறை ஆட்டம் கையைவிட்டுப் போனது. பிராண்ட் டூடெக்கின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. லேத்தினன் பெஞ்சில் உட்கார்ந்து முட்டித் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். டூடெக் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முட்டிப் பக்கமே நீ வரலை," என்றான் லேத்தினன்.

"இல்லை."

"இடிக்கச் சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க. மாட்டேன்னேன். ஏன்னு கேட்டார். எனக்கே தெரியலை. உன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

லேத்தினன் துணியைச் சுருட்டினான்.

"பனியில என் கையை எனக்குக் காட்டினே," என்றான் டூடெக். "அதனால உனக்குப் பட்டம் போச்சு. பெஞ்சில உட்கார வச்சாங்க. அப்படி ஆகும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். எதுக்குக் காட்டினே?"

லேத்தினன் யோசித்தான். மழை அவன் கழுத்து வழியே இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் டூடெக் அவன் சிரித்துப் பார்த்ததில்லை. இப்போது உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"ரெண்டு வருஷம் உன்னோட ஆடலை, உன் விரல்களோட ஆடினேன்," என்றான். "அலுத்துப்போச்சு."