பாதி மீசையோடு வரிசையில் நின்ற அரசன்

முன்னொரு காலத்தில் நெல்வாயில் நாட்டை விருதராயன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது பேச்சுக்குத்தான். காலையில் ஓர் ஆணை போடுவான். மாலையில் அதை மறந்து தூங்கிவிடுவான்.

அரண்மனைக் காரியஸ்தர் சேந்தப்பர். வேலையை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பார். ஆனால் யாரும் தம்மைக் கேட்காமல் விரலை அசைக்கக் கூடாது. தோட்டக்காரன் குடத்தைத் தூக்கினால், "யாரைக் கேட்டுத் தூக்கினாய்?" என்பார். கேட்டுவிட்டுத் தூக்கினால், "இதைக்கூடவா கேட்பாய், மரமண்டையே?" என்பார். இந்தப் பெருமையில் அவர் உடம்பு வேறு பெருத்துக்கொண்டே போயிற்று.

அமைச்சர் இளநாகர் மேல் அவருக்குத் தீராத பொறாமை. ஒரு நாள் அரசன் காதில் ஓதினார்.

"அரசே, அமைச்சரின் ஆட்கள் தாங்களே முடிவெடுக்கிறார்கள். நாளைக்கு உங்களையும் மதிக்க மாட்டார்கள்."

அரசன் உடனே முரசு அறையச் சொன்னான். அரசுப் பணியாளர் எவரானாலும் ஒவ்வொரு வேலைக்கும் சேந்தப்பரின் உத்தரவு பெற வேண்டும். மீறினால் சவுக்கடி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பேரேரி கரை தளும்ப நிரம்பியது. மதகைத் திறக்க உத்தரவு கேட்டு ஏரிக் காவலன் காரி ஓடி வந்தான். சேந்தப்பர் வீட்டு வாசலிலோ பெரிய வரிசை. யானையைக் குளிப்பாட்டப் பாகன், குழம்பில் உப்புப் போடச் சமையல்காரன் என்று ஆள் மேல் ஆள். காரி கடைசியில் நின்றான்.

இளநாகர் அரசனிடம் ஓடினார்.

"அரசே, பொழுது சாய்வதற்குள் மதகு திறக்காவிட்டால் கரை உடையும். ஏரிக்குக் கீழே உள்ள ஊர்கள் மூழ்கும்."

"சேந்தப்பர் பார்த்துக்கொள்வார். என் ஆணைக்கு யாரும் விலக்கில்லை."

"யாருமேவா?"

"யாருமேதான். போம்!"

இளநாகர் நேரே அரண்மனை நாவிதர் அம்பலத்திடம் போய் ஏதோ சொன்னார்.

அன்று அரசனுக்கு மீசை சலித்துப்போயிருந்தது. "எடுத்துவிடு" என்றான். அம்பலம் இடப்பக்கத்தை வழித்தார். கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"ஏனப்பா நிறுத்திவிட்டாய்?"

"ஒரு பக்கத்துக்குத்தான் உத்தரவு வாங்கினேன், மகாராஜா. மறுபக்கத்துக்குக் காரியஸ்தரைக் கேட்க வேண்டும்."

"நான் சொல்கிறேன், எடு!"

"சவுக்கடி என்றதும் தாங்கள்தானே, சாமி."

"சேந்தப்பரை இங்கே வரச் சொல்!"

"அவரைக் கூப்பிடப் போகிற சேவகனுக்கும் அவர் உத்தரவு வேண்டுமாமே!"

அரசன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தானே கிளம்பினான். சேந்தப்பர் வீட்டு வாசலில் காவலாளி தடுத்தான். "வரிசையில் நில்லுமய்யா. யாரையும் முந்த விட எனக்கு உத்தரவில்லை."

அரசன் நின்றான். முன்னால் நின்ற காரி மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"நீ எதற்கு வந்தாய்?"

"மதகு திறக்கணும் ஐயா. என் பெண்டாட்டி பிள்ளைகள் ஏரிக்குக் கீழேதான் இருக்கிறார்கள்."

"எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று உனக்குத் தெரியாதா?"

"நன்றாகத் தெரியும். திறக்கத்தான் அதிகாரமில்லை."

"பிறகு எதற்கு உன்னைக் காவலுக்கு வைத்தார்கள்?"

"அதை அந்தக் கிறுக்குப் பிடித்த ராஜாவைத்தான் கேட்கணும்!"

துண்டு நழுவியது. காரி அலறிக் காலில் விழுந்தான். உள்ளேயிருந்து சேந்தப்பரின் குரல் கேட்டது: "உப்பு இருக்கட்டும். முதலில் அடுப்பை யாரைக் கேட்டுப் பற்றவைத்தாய்?"

அரசன் காரியைத் தூக்கி நிறுத்தினான். "அந்த ஆணை இந்த நொடியோடு செத்தது. மதகு இனி உன் பொறுப்பு. திறந்துவிட்டு வந்து சொன்னால் போதும். ஓடு!"

காரி ஓடினான். கரை தப்பியது, ஊர்களும் தப்பின.

மறுநாள் சபை கூடியது.

"நாவிதரைத் தூண்டிவிட்டது நீர்தானே?" என்றான் அரசன்.

"ஆமாம் அரசே," என்றார் இளநாகர். "வேலையை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு அதிகாரத்தை நம் மடியிலேயே முடிந்துகொண்டால், அவனுக்கு நாம் கொடுத்தது வேலையில்லை, வாசலில் காத்திருக்கும் தண்டனை."

அரசன் தன் முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டான். பிறகு சேந்தப்பர் பக்கம் திரும்பினான்.

"சேந்தப்பரே, கோயில் குளத்தில் தவளைகள் யாரையும் கேட்காமல் கத்துகின்றன. என்ன ஒழுங்கீனம்! இன்று முதல் குளக்கரையில் உட்காரும். ஒவ்வொரு தவளைக்கும் நீரே உத்தரவு கொடும்."

சபை வயிறு குலுங்கச் சிரித்தது. சேந்தப்பர் குளக்கரைக்குப் போனார். அந்த மழைக்காலம் முழுவதும் அந்தப் பக்கம் போனவர்கள் அவர் குரலைக் கேட்டார்களாம்:

"யாரது, என்னைக் கேட்காமல் கத்தியது?"

ஒரு தவளையும் வரிசையில் வந்து நிற்கவில்லை.