ஏழுகுரல் ஒன்றா, ஏழா?

பறவைகளுக்குப் பேச்சும், அந்தப் பேச்சால் வருகிற வம்பும் இருந்த அந்தக் காலத்தில், ஓர் உடைமரக் காட்டில் ஏழுகுரல் என்று ஒரு பாட்டுச் செட்டு இருந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழு பேர், ஒரு வயிற்றில் பிறந்த பெண்கள். இன்றைக்கு அவர்கள் கத்துகிற கத்தலைக் கேட்டவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு அவர்கள் இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. கௌதாரி வீட்டில் குஞ்சு பொரித்தாலும் சரி, கிழட்டு ஆமை கண்ணை மூடினாலும் சரி, "ஏழுகுரலுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அழைக்க வருகிறவர்கள் அவர்கள் முன்னால் ஒரே ஒரு பழத்தை வைப்பார்கள். ஏழு பேரும் அந்த ஒன்றையே கொத்தித் தின்றால் சம்மதம் என்று அர்த்தம். தனித்தனியாக இன்னார் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாரும் ஒரே தவிட்டு நிறம், ஒரே உயரம். ஏழுகுரல் வந்தது, ஏழுகுரல் பாடியது, ஏழுகுரல் போனது, அவ்வளவுதான்.

இது பூவாயிக்கு மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஏழு பேரில் அவள் நான்காவது. குரல் என்றால் அவள் குரல்தான் குரல். மயில் வீட்டுக் கல்யாணத்தில் அவள் தனியாக எடுத்த ஓர் அடிக்கு, முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகள்கூடக் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினார்கள். பாட்டு முடிந்ததும் மணப்பெண்ணின் தாய் வந்து, "ஏழுகுரல் இன்னைக்கு நல்லாப் பாடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூவாயி அன்று விருந்தில் வாய் வைக்கவில்லை.

"என்னட்டி, மூஞ்சி தொங்குது?" என்று கேட்டாள் மூத்தவள் மூக்காயி.

"பூவாயின்னு ஒருத்தி இருக்கான்னு இந்தக் காட்டுல யாருக்காச்சும் தெரியுமாக்கா?"

"எனக்குத் தெரியும். போதாதா?"

போதவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் போதவில்லை.

மறு வருஷம் மழை பொய்த்தது. ஓடை காய்ந்தது, குட்டை காய்ந்தது, பாறை இடுக்கில் இருந்த ஒரு சுனை மட்டும் மிஞ்சியது. பாம்பும் நரியும் அண்டாமல் அதைக் காவல் காத்தது வல்லூறு. அதற்குக் கூலி உண்டு. ஒண்டியாக வாழ்கிறவர்களை அது தொடாது, தொட்டால் அந்தப் பெயரே காட்டில் இல்லாமல் போய்விடும். பலராக இருக்கிற வீட்டில் ஒருவரை எடுத்துக்கொள்ளும். கொடுமைதான். ஆனால் தண்ணீருக்காக எல்லாரும் ஒப்புக்கொண்ட கொடுமை. பதினொரு குஞ்சு வைத்திருந்த கௌதாரி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

செம்போத்துதான் சுனையில் பெயர் கூப்பிடுகிறவர். ஒரு பெயருக்கு ஒரு மூச்சுத் தண்ணீர். "ஏழுகுரல்!" என்று கூப்பிட்டார். ஏழு பேரும் முன்னால் வர, ஒரு மூச்சுக்கு மேல் கூடாது என்று சிறகை விரித்து மறித்தார்.

"நாங்க ஏழு பேரு இருக்கோமே, செம்போத்தாரே!" என்றாள் மூக்காயி.

"அப்படியா தாயி? போன கோடையில சுனையைத் தூர் வார வீட்டுக்கு வீடு ஆள் கேட்டப்ப என்ன சொன்ன? ஏழு பேரும் வாங்கன்னு நான் சொன்னதுக்கு, நாங்க ஏழு பேரில்ல, ஒரே செட்டுன்னு சொல்லி ஒருத்தியை அனுப்பினியே. அவளும் பாதி நேரம் பாடிட்டிருந்தா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலைக்கு ஒன்று, விருந்துக்கு ஏழு என்று ஏழுகுரல் ரொம்ப நாளாகச் சாமர்த்தியம் பண்ணி வந்தது உண்மைதான்.

அன்று அந்த ஒரு மூச்சுத் தண்ணீரை ஏழாகப் பகிர்ந்தார்கள். மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் கடைக்குட்டி சின்னப்பேச்சி கிளையிலிருந்து நழுவி விழுந்தாள். அவள் நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அக்காமார் அவளைத் தாங்கிக்கொண்டு சுனைக்கு வந்தார்கள்.

பாறை உச்சியிலிருந்து வல்லூறு கேட்டது. "தினம் இந்த வழக்கு எதற்கு? இன்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒன்றா, ஏழா? சொன்ன சொல்லை நாளைக்கு மாற்றக் கூடாது."

ஏழு என்று சொன்னால் வல்லூறு கூலி கேட்கும் என்று மூக்காயிக்குத் தெரியும். ஒன்று என்று சொன்னால் பேச்சி பொழுது சாய்வதற்குள் செத்துப்போவாள். அவள் கண் தங்கச்சிமார் முகங்களில் மாறி மாறிப் போய் வந்தது.

பூவாயி காத்திருக்கவில்லை. பேச்சியின் தவிப்பும் அவளைத் தள்ளியது, உள்ளே வருஷக்கணக்காகக் கிடந்த அந்த முள்ளும் தள்ளியது. எது அதிகம் தள்ளியது என்று பிற்பாடு அவளே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டாள். முன்னால் வந்து தலையை நிமிர்த்தி, "ஏழு! நாங்க ஏழு பேரு! என் பேரு பூவாயி!" என்றாள்.

"நல்லது" என்றது வல்லூறு.

செம்போத்து ஏழு பெயரைக் கேட்டு ஏழு பெயரையும் கூப்பிட்டார். பேச்சி மூச்சு முட்டக் குடித்தாள். அவள் கண்ணில் ஒளி திரும்பியது, "அக்கா, இனிக்குதுக்கா" என்று சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் வல்லூறு இறங்கியது.

"ஏழில் ஒன்று போனால் ஆறு. வீடு நிற்கும்" என்று சொல்லிக்கொண்டே பேச்சியைக் காலில் கவ்விக்கொண்டு எழும்பியது.

கௌதாரி வீட்டில் இப்படி நடந்தபோது மற்றவர்கள் அழுதார்கள், அவ்வளவுதான். பூவாயிக்கு அழுகை வரவில்லை. தன் விலாவிலேயே நகம் இறங்கியதுபோல இருந்தது. "என்னைத் தூக்கிட்டுப் போறானே! என்னை விடு!" என்று அலறினாள். அந்த அலறல் ஏழு தொண்டைக்கும் தாவியது. "என்னை விடு! என்னை விடு!" என்று ஆறு பேரும் வல்லூறின் முகத்தில் போய் மோதினார்கள். மாட்டிக்கொண்டவளும் அதையேதான் கத்தினாள். எதைப் பிடித்தோம், எது வெளியே கத்துகிறது என்று வல்லூறுக்கே திகைப்பாகி, நகம் தளர்ந்தது. பேச்சி பாறையில் விழுந்தாள்.

உயிர் இருந்தது. ஒரு கால் முட்டியில் பிசகிவிட்டது.

வல்லூறு உச்சிப் பாறையில் போய் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டது. அதற்குக் கோபம்கூட வரவில்லை. "ஏழு என்று சொன்னது உங்கள் வாய். என் கூலி என் கூலிதான். நாளை வெயில் சுனையில் விழும்போது, கால் விளங்காத அவளை மட்டும் எடுத்துக்கொள்வேன். மற்றவர்களைத் தொட மாட்டேன். வராமல் இருந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வேறு தண்ணீர் எங்கேயும் இல்லை."

உடைமரத்தடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஏழு பேருடைய தொண்டையும் கிழிந்துபோயிருந்தது. பூவாயி மெதுவாக ஓர் அடி பாடிப் பார்த்தாள். கரகரவென்று ஏதோ வந்தது. மூக்காயியின் குரல் எது, தன் குரல் எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காக அவள் அழுதாள். பொய் சொல்வானேன், பேச்சிக்காகக்கூட அவள் அப்படி அழவில்லை.

அப்போது பேச்சி எழுந்து நடக்கப் பார்த்தாள். அந்தக் காலத்தில் தவிட்டுக்குருவிகள் மைனாவைப் போல ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து மிடுக்காக நடப்பவர்கள். பேச்சியால் எட்டு வைக்க முடியவில்லை. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றித் தத்தினாள். இன்னொரு தடவை தத்திவிட்டு, அக்காமாரைப் பார்த்து, "இப்படிப் போனா அவன் என்னையக் கண்டுபிடிச்சிருவான்ல?" என்றாள்.

பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பேச்சிக்குப் பக்கத்தில் தத்தினாள். தடுமாறி விழுந்தாள். மறுபடி தத்தினாள். மூக்காயி அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தானும் எழுந்தாள்.

மறுநாள் வெயில் சுனையில் விழுந்தபோது காடே கூடியிருந்தது. ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் தத்தித் தத்தி வந்தார்கள்.

வல்லூறு கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "செம்போத்தாரே, சின்னப்பேச்சியைக் கூப்பிடும்."

"சின்னப்பேச்சி!"

"நான்தான்" என்று ஏழு கரகரத்த குரல்கள் ஒன்றாக வந்தன.

வல்லூறு யோசித்தது. அதற்கு ஒன்று நினைவு வந்தது. "நேற்று ஏழு என்று சொன்னாளே, தன் பெயரை நிமிர்ந்து நின்று சொன்னாளே, அவள் வரட்டும். அவள் சொன்ன சொல்லுக்கு அவளே பொறுப்பு. கூலி யாரென்று அவள் காட்டட்டும். அதற்குப் பிறகு கோடை முழுக்க வயிறு நிறைய அவளுக்குத் தண்ணீர் தருகிறேன். கூப்பிடும்."

செம்போத்து நெஞ்சை நிமிர்த்தி, காடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "பூவாயி!"

மயில் கேட்டாள், ஆமை கேட்டது, கௌதாரி கேட்டாள். "பூவாயி! பூவாயி!" என்று மூன்று முறை கூப்பிட்டார். அந்தப் பெயருக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தாள். ஒரு சபையில் தன்னந்தனியாக, எல்லார் காதிலும் விழும்படி, அது இன்றைக்குத்தான் ஒலித்தது. தலையைக் குனிந்துகொண்டு, சருகைப் புரட்டுகிறவள் மாதிரி மற்ற ஆறு பேருக்கு நடுவில் நின்றாள்.

யாரும் வரவில்லை.

"அப்படி ஒருத்தி இங்க இல்ல, ராசா" என்றது ஒரு குரல். அது மூக்காயியா வேறு யாராவதா என்று எவருக்கும் தெரியவில்லை. "இங்க ஏழுகுரல் மட்டும்தான் இருக்கு. ஒத்தை ஆளு."

ஒண்டியாக இருப்பவரைத் தொடுவதில்லை என்பது அது போட்ட சட்டம். ஏழு என்று சொன்னவளே இல்லை என்றான பிறகு, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை. வல்லூறு பறந்துபோனது. செம்போத்து ஒரே ஒரு மூச்சுத் தண்ணீர் விட்டார். ஏழு பேரும் அதில் அலகை நனைத்துக்கொண்டார்கள், முதலில் பேச்சி. பூவாயி என்ற பெயரை அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் கூப்பிடவில்லை, அவளுடைய அக்கா தங்கச்சிமார்கூட.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே மேய்வதும், ஒன்றைத் தொட்டால் எல்லாம் தன்னையே தொட்டதுபோலக் கத்திக்கொண்டு பாய்வதும், கால் நன்றாக இருந்தும் அவற்றில் ஒன்றுகூட நடந்து போகாமல் தத்தித் தத்தியே போவதும் அன்று முதல்தான்.