எட்டாயிரம் சுற்றுக்கு ஒரு இன்ஜின்

"இத்தனை மாசமா உங்ககிட்ட இருக்கறேன். ஒண்ணுமே சொல்லித் தர மாட்டீங்கறீங்களே அம்மணி," என்றார் தண்டபாணி.

கோகிலவாணி ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன சொல்லித் தரணுங்ண்ணா?"

"ரேஸ் இன்ஜினுக்கு எப்படி பட்ஜெட் போடறதுன்னு."

"உங்க இன்ஜினைப் பிரிச்சாச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"பிரிச்சுட்டு வாங்க."

அவ்வளவுதான் பதில்.

அவளுக்கு முப்பது வயது. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கோயம்புத்தூரில் அவள் கட்டிய இன்ஜின் வேண்டும் என்று ரேஸ்காரர்கள் காத்துக்கிடப்பார்கள். அவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவளிடம் சீடனாக வந்து சேர்ந்தார்.

காரணம் ஒன்றுதான். அவர் மகள் மிருதுளா கார் ரேஸ் ஓட்டுகிறாள். அவளுடைய இன்ஜினைத் தன் கையால் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

யார் குரு, யார் சீடன் என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

தண்டபாணி விடவில்லை. இன்ஜினுக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இவ்வளவுதான் இருக்குது. இதுல எதை எதை வாங்கலாம்? அதையாவது சொல்லுங்க."

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டாள். பணத்தில் பாதியை எடுத்தாள். எண்ணிப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தாள்.

"இது எதுக்குங்க?"

"இன்னும் கண்ணுல படாத சாமானுக்கு."

"கண்ணுல படாத சாமானுக்கு எப்படிங்க பணம் ஒதுக்கறது?"

அவள் மறுபடி வால்வைத் துடைக்கப் போய்விட்டாள்.

தண்டபாணிக்குக் கோபம். இதற்கு லேத்தே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

மறுவாரம் வந்தார். இன்ஜினைப் பிரிக்கவில்லை. இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். சட்டைப்பை காலி.

ஒரு பெட்டியில் ரேஸ் கேம் ஷாஃப்ட், இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் தண்டு. இன்னொன்றில் கிளட்ச். கேமை எண்ணெய்க் காகிதத்திலிருந்து பிரித்து, பிறந்த குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார்.

"எட்டாயிரம் வரைக்கும் இழுக்குமாமுங்க."

நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று. கம்பெனியிலிருந்து வரும்போது மிருதுளாவின் கார் ஆறாயிரம் சுற்றுக்குத்தான் செய்யப்பட்டது.

"நல்ல கேமுதான்," என்றாள் கோகிலவாணி.

"அப்ப ஏன் முகத்தை அப்படி வெச்சிருக்கீங்க?"

"கல்யாணத்துக்கு மண்டபமே பாக்கல. ஐஸ்கிரீம்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க."

தண்டபாணி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இன்ஜினைப் பிரித்தார்.

சிலிண்டர் நான்கும் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தன. கிராங்க் தண்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். வெளியே நின்று பார்த்தபோது ஒன்றுமே தெரியாத இன்ஜின்தான் அது.

சிலிண்டரைக் குடைய வேண்டும். பெரிய பிஸ்டன் வேண்டும். கிராங்க்கைத் தேய்க்க வேண்டும். அதற்குத் தகுந்த பேரிங் வேண்டும். மேஜை மேல் இருந்த பணம் அதற்கே சரியாகப் போயிற்று. தம்பியிடம் கொஞ்சம் வாங்கினார். அதுவும் போயிற்று.

ஒருவழியாக எல்லாச் சாமானும் மேஜைக்கு வந்தது. கோகிலவாணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"இது?"

"ராட் போல்ட்டுங்க."

"பழசுங்களா?"

"பழசுதாங்க. கம்பெனி போட்டது."

பிஸ்டனைக் கிராங்க்கோடு சேர்ப்பது கனெக்டிங் ராட். ராடின் அடியைக் கவ்விப் பிடிப்பது இரண்டே போல்ட். எட்டாயிரம் சுற்றில் போல்ட் அறுந்தால் ராட் இன்ஜினைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கிற எண்ணெய் டயருக்கு அடியில் கொட்டும். பிறகு ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தண்டபாணிக்கும் தெரியும்.

"அளந்து பாத்துட்டேனுங்க. இழுபட்டுத் துளிகூட நீளல. லேத்துல நின்ன கை இது, அளவு தப்பாது," என்றார்.

"சரி."

"புதுசு வாங்கணும்னா கேமை வித்தாத்தான் ஆகும்."

"சரி."

"கேம் இல்லாம முன்னாடி வர முடியாதுங்க. முதல் ரேஸுக்கு ஒரு டீம்காரர் ஆள் எடுக்க வர்றாரு. என்ற புள்ளைக்கு இது ஒண்ணுதான் வாய்ப்பு. இதை வுட்டா அப்புறம் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"சரிங்ண்ணா."

"இத்தனை தடவை சரின்னா எனக்குப் பயமா இருக்குது. ரெண்டு வார்த்தை திட்டிருங்களேன்."

"எட்டாயிரம் தாங்குமுங்களா?"

"தாங்கும்."

"நீங்க சொன்னாச் சரி. இன்ஜின் உங்களுது. மூடுங்க."

மூடினார். பழைய போல்ட்டைப் போட்டுத்தான் மூடினார். சாவி திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்டபாணிக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டார். புகை எதுவும் இல்லை.

ட்ராக்கை ஒரு காலைநேரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். மிருதுளாவும் வந்திருந்தாள். அங்கே வந்த பிறகுதான் கோகிலவாணி சொன்னாள்.

"எங்க பட்டறையில ஒரு வழக்கம் உண்டுங்ண்ணா. இன்ஜினை யார் மூடறாங்களோ அவங்கதான் முதல்ல முழுசா மிதிக்கணும்."

"அதுக்கென்னங்க, மிதிச்சுட்டாப் போச்சு," என்றார் தண்டபாணி. உண்மையிலேயே அவருக்குப் பயம் இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பக்கத்தில் இன்னொரு சீட் போட்டிருந்தது. ரேஸ் காரில் அது இருக்காது. அவள் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள்.

"மிருதுளா, நீயும் ஏறு," என்றாள்.

"நானா? அப்பா ஓட்டற வண்டியிலயா? எங்கம்மாவே ஏற மாட்டாங்கக்கா."

"அப்பா ரோட்டைப் பாக்கணும். நீ மீட்டரைப் பாரு. எத்தனை சுத்துன்னு சத்தமாச் சொல்லிட்டே வா."

தண்டபாணி கோகிலவாணியைப் பார்த்தார். அவள் பெல்ட்டை இழுத்து மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கார் கிளம்பியது.

முதல் சுற்று டயர் சூடாவதற்கு. அதில் ஒன்றும் இல்லை. மிருதுளா ஜாலியாக அப்பாவைக் கிண்டல் செய்துகொண்டு வந்தாள். "வளைவுல பால்காரர் மாதிரி போறீங்க."

இரண்டாம் சுற்றில் நேர்ப்பாதை வந்தது. தண்டபாணி மிதித்தார்.

"நாலாயிரம்," என்றாள் மிருதுளா. "நாலரை. அஞ்சு. அஞ்சே கால்."

இன்ஜின் பாடியது. எந்தக் குறையும் இல்லை. அவர் கட்டிய இன்ஜின்.

"அஞ்சரை!"

அவருடைய கால் மேலே வந்துவிட்டது.

"என்னப்பா? இன்னும் போகும். மிதிங்க."

"ம்."

மூன்றாம் சுற்று. மறுபடி அதே நேர்ப்பாதை.

"அஞ்சு," என்றாள் மகள். "அஞ்சே கால்."

அவர் தன் காலை அழுத்தச் சொன்னார். கால் அழுத்தவில்லை. வேறு யாரோ ஒருவருடைய கால் போல இருந்தது. பக்கத்தில் மகளின் முழங்கால் இன்ஜின் இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கும் அந்த முழங்காலுக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருந்தது.

"அப்பா, கேமு எட்டாயிரம் இழுக்கும்னு சொன்னீங்க. பாதியிலயே வுடறீங்க?"

அவர் காரை மெதுவாக ஓட்டிவந்து ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜாக்கியை எடுத்துக் காருக்கு அடியில் வைத்தார். எண்ணெய் பிடிக்கும் சட்டியைத் தள்ளிவிட்டுக் கீழே படுத்தார்.

"என்னாச்சுப்பா? நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஆமா கண்ணு. நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்புறம் எதுக்கு எண்ணெயை எறக்கறீங்க?"

"பிரிக்கணும். கேமை வித்தரலாம்."

மிருதுளா குனிந்து பார்த்தாள். அப்பாவின் செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"கேம் இல்லாம அந்த டீம்காரர் என்னை எடுக்க மாட்டாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"நான் எத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கார் மேல் வீசிவிட்டு நடந்தாள். ட்ராக்கின் அந்தக் கோடியில், டயர் அடுக்கி வைத்திருந்த இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எண்ணெய் கொட்டி முடிந்தது. தண்டபாணி வெளியே வந்தார். இப்போதுதான் கோகிலவாணியை நேராகப் பார்த்தார்.

"உங்களை என்னமோன்னு நெனச்சேன் அம்மணி."

எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்தார்.

"எனக்குப் புத்தி வரணும்னா என்னைச் சாக விட்டிருக்கலாம். என்ற புள்ளையை எதுக்குங்க அதுல உக்கார வெச்சீங்க? ஒரு மிதி. ஒரே ஒரு மிதி சேர்த்து மிதிச்சிருந்தா?"

அவர் அவளிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

கோகிலவாணி குனிந்து, வீசியெறிந்த கையுறைகளை எடுத்துத் தூசி தட்டினாள்.

"காலையில வர்றப்பவே கார் கம்ப்யூட்டர்ல பூட்டிட்டேனுங்ண்ணா. எப்படி மிதிச்சாலும் ஆறாயிரத்துக்கு மேல சுத்தாது."

கையுறைகளை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க அது வரைக்கும்கூட வரலைங்களே," என்றாள்.