சளி பிடிச்ச கதவு

அப்பா வர்ற வரைக்கும் தூங்க மாட்டியா? சரி, முழிச்சிரு. அத்தை ஒரு கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், ஆமா.

ஒரு கடலோர ஊர்ல, ஒரு வீட்டுக்கு வேலிக் கதவு இருந்துச்சாம். மரக் கதவு. அந்த வீட்ல லூர்துன்னு ஒரு மீன்காரரும் அவர் பொண்டாட்டி மரியதங்கமும் இருந்தாங்க. மரியதங்கத்துக்குக் கண்ணு தெரியாது. ஆனா கதவு சத்தத்த வச்சே யாரு வர்றாங்கன்னு சொல்லிடுவா. ஆடு முட்டினா தடதடதட. பக்கத்து வீட்டுக்காரி வந்தா கிரீச். லூர்து கடல்லேர்ந்து வந்தா, லேசாத் தூக்கித் தள்ளுவாரு, கிரீஈஈச்... டொக். உடனே எந்திரிச்சுக் கஞ்சி ஊத்துவா.

ம் சொல்லு. ஆங்.

அப்போ உப்புக்காத்துல கதவோட அடிப்பலகை உளுத்துப் போச்சு. ஒருநாள் மரியதங்கம் கதவத் தொறக்க, கையில சுருக்குன்னு மரச் சிலாம்பு ஏறிடுச்சு. லூர்துக்கு மனசு கேக்கல. பச்சை பெயிண்ட் வாங்கிட்டு வந்து, உளுத்த பலகை மேலேயே சளப் சளப்புன்னு அடிச்சாரு. ஈரத்து மேல அடிச்சா நிக்குமா? கொப்புளம் கொப்புளமாக் கெளம்பி, பொலபொலன்னு உதிந்துடுச்சு.

அப்புறம், படகுக்குப் பூசுற மாதிரி கதவுக்கும் மீனெண்ணெய் பூசினாரு. படகு கடல்ல இருக்கு, கதவு தெருவுல இருக்கு, அது அவருக்குத் தோணல. தெருவுல இருக்குற பூனையெல்லாம் வந்து, மியாவ் மியாவ்னு கதவ நக்குது.

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

மூணாவது தடவதான் ஒழுங்காச் செஞ்சாரு. கதவக் கழட்டி, எண்ணெய் போகத் தேய்ச்சுக் கழுவி, நல்லா வெயில்ல காயப்போட்டு, உளுத்தத அறுத்தெடுத்துட்டுப் பூவரசம் பலகை வச்சு இழைச்சாரு. உப்புத்தாள் போட்டு சர்ர் சர்ர்னு தேய்ச்சு, அப்புறம்தான் பெயிண்ட். திரும்ப மாட்டும்போது கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டாரு. மரியதங்கம் தடவிப் பாத்துட்டு, "வழவழன்னு இருக்குங்க"ன்னா. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

மறுநாள் லூர்து கடலுக்குப் போனாரு. கரையேறினதும் எப்பவும் போல டீக்கடையில உக்காந்து ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு, மெதுவா வீட்டுக்கு வந்தாரு. கதவத் தள்ளினாரு. ஒரு சத்தம் இல்ல.

எதிர்ல வாசப்படியில மரியதங்கம் உக்காந்திருக்கா. கழுத்த நீட்டிக் கதவுப் பக்கமே காது குடுத்துட்டு இருக்கா. சேலை முந்தானைய முறுக்குறா, பிரிக்கிறா, முறுக்குறா. "இன்னும் காணலியே, மாதாவே"ன்னு வாய்க்குள்ள சொல்றா. அவர் முன்னாடிதான் நிக்கிறாரு, அவளுக்குத் தெரியல.

லூர்து அப்படியே நின்னுட்டாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல இந்த முகத்த அவர் பாத்ததே இல்ல. கதவு சத்தம் கேட்டதும் அவ எந்திரிச்சிருவாளே, சிரிச்ச முகத்ததான பாத்திருக்காரு. நாம டீக்கடையில கதையடிச்ச நேரமெல்லாம் இவ இப்படித்தான் இருந்திருக்கான்னு, அப்பதான் வெளங்குச்சு. திடீர்னு கூப்பிட்டா பதறிடுவாளேன்னு நெனச்சாரு.

மெதுவா வெளிய போனாரு. கதவப் புடிச்சுக்கிட்டு, வாயாலயே "கிரீஈஈச்... டொக்"குன்னாரு.

மரியதங்கம் மொகம் அப்படியே மலந்துடுச்சு. "என்னங்க, கதவுக்குச் சளி பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டுட்டே கஞ்சி ஊத்தப் போனா.

அன்னிக்கே லூர்து ஒரு கை கடல் மண்ண அள்ளிக் கீல்ல போட்டாரு. பலகை புதுசு, சத்தம் பழசு. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கதவு தெனமும் சீக்கிரமே கத்துச்சாம். டீக்கடைக்காரருக்குத்தான் பேச்சுத்தொணை போச்சு.

ம்?... ம் காணோமே.

உங்கப்பன் வரட்டும், இந்தக் கதைய அவனுக்கும் சொல்றேன். நம்ம கதவுக்கு எண்ணெயே விடல, அவன் வந்தா அது சொல்லும், நான் கேட்டுக்குறேன். கதை கரையேறிடுச்சு, நீ கண்ண மூடு.