பதினொன்றாவது பாக்கெட்

மூணுகிணத்துப்பாளையத்தில் இருப்பது ஒரே ஒரு கிணறு. மற்ற இரண்டும் எங்கே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "நாங்களும் அதைத்தானுங்க தேடிட்டு இருக்கோம்" என்று பணிவாகச் சொல்லி, கேட்டவரையும் கூட வந்து தேடச் சொல்வார்கள்.

அந்த ஊரில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நாச்சிமுத்து அப்பளக் கடை வைத்திருந்தான். கடையில் அவனோடு பங்காளிகள் இரண்டு பேர். பெரியப்பன் மகன் சென்னியப்பன் மூத்தவன். யோசனை சொல்வது அவன் வேலை. சித்தப்பன் மகன் ராசுக்குட்டி இளையவன். யோசனைக்குத் தலையாட்டுவது அவன் வேலை. அப்பளம் இடுவது நாச்சிமுத்துவின் வேலை. சும்மா சொல்லக்கூடாது, அப்பளம் நல்ல அப்பளம். எண்ணெயில் போட்டால் பூரிப்போடு எழுந்து நிற்கும்.

ஆனால் நிலையாக வாங்குகிறவர் என்று பார்த்தால் ஒரே ஒரு ஆள்தான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மெஸ் நடத்தும் பழனாத்தா. பதினோரு வருஷமாக தினமும் காலையில் ரோட்டைத் தாண்டி வருவார், அஞ்சு பாக்கெட் எடுப்பார், காசை வைப்பார், போவார். மழையானாலும் பண்டிகையானாலும் ஒருநாள் தவறியதில்லை.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. நாச்சிமுத்துவின் மாமனார் அர்த்தநாரி பக்கத்து ஊரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஐப்பசியில் ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை பழனாத்தா ஒருத்தரைத் தவிர யாரும் வராததைப் பார்த்துவிட்டார். ஊர் உலகமே ஃபோனில் வியாபாரம் பண்ணுகிறது, தை பிறப்பதற்குள் ஃபோன் வழியாக நூறு பேர் வாங்கினார்கள் என்று காட்டவேண்டும் என்றார். "இல்லாட்டிக் கடையைப் பூட்டிட்டுப் பண்ணைக்கு முட்டை பொறுக்க வந்துருங்க மாப்ளே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சிமுத்துவுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு மாதம் அந்தப் பண்ணையில் இருந்திருக்கிறான். அவன் உள்ளே நுழைந்தால் போதும், எட்டாயிரம் கோழியும் ஒரே சமயத்தில் கழுத்தைத் திருப்பி அவனையே பார்க்கும். வேறு யாரையும் அப்படிப் பார்க்காது. என்ன குற்றம் செய்தோம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. மறுபடியும் அங்கே போவதைவிட, காணாமல் போன கிணறுகளில் ஒன்றில் விழுந்துவிடலாம் என்று நினைத்தான். அதற்கும் முதலில் கிணற்றைக் கண்டுபிடிக்கவேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து, ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆன்லைன் வியாபாரம் சொல்லித்தருவதாக அறிவிப்பு வந்தது. மூன்று பேரும் போனார்கள். கண்ணாடி போட்ட ஒரு சார் நன்றாகத்தான் பேசினார். சென்னியப்பன் அப்பள அட்டையின் பின்பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டான். ஒன்று, படத்தில் காட்டுகிற பொருள்தான் வாங்குகிறவர் கைக்குப் போகவேண்டும், அதில் ஏமாற்றவே கூடாது. இரண்டு, இனிமேல் எல்லா ஆர்டரும் ஃபோனில் வரவேண்டும், கூரியரில் போகவேண்டும். மூன்று, பத்து பாக்கெட் வாங்கினால் பதினொன்றாவது இலவசம் என்று ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் போட்டு நாலு பேருக்குச் சொல்லச் சொல்லவேண்டும். வாடிக்கையாளரை அட்டை, முத்திரை என்று குழப்பாமல் எவ்வளவு எளிமையாக வைக்க முடியுமோ அவ்வளவு எளிமையாக வைக்கவேண்டும்.

மறுநாளே ராசுக்குட்டி ஓர் அப்பளத்தைத் தட்டில் வைத்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் ஏற்றினான். படம் அழகாக வந்திருந்தது. சென்னியப்பன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது ஒரே அப்பளம், அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அடுத்தவருக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டான். வேறு அப்பளத்தைக் கொடுத்தால் அது ஏமாற்று வேலை. சார் அதை முதல் விஷயமாகவே சொல்லியிருந்தார்.

ஆகவே எல்லா அப்பளத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். எது எந்தப் படம் என்று குழம்பிப் போகாமலிருக்க, ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளைக் குழைத்து எண் எழுதினார்கள். நாலு நாள் கடை முழுக்க அப்பளம் முகம் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ராசுக்குட்டிக்கு நானூற்று முப்பத்தேழாம் அப்பளத்தின் மேல் தனிப்பிரியம் வந்து, அதை விற்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

மிச்சத்தைப் பழனாத்தா வாங்கிக்கொண்டு போனார். எண்ணெயில் போட்டதும் அப்பளத்தோடு சேர்ந்து எண்ணும் பூரித்துப் பெரிதாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த லாரிக்காரர் ஒருவர், தன் இலையில் 206 என்று வந்ததைப் பார்த்தார். தனக்கு முன்னால் இன்னும் இருநூற்று ஐந்து பேர் சாப்பிடவேண்டும் போலிருக்கிறது என்று எழுந்து, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றார். பழனாத்தா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

அடுத்த நாள் காலையில் பழனாத்தா வழக்கம்போல் வந்து அஞ்சு பாக்கெட்டை எடுத்தார். நாச்சிமுத்து அதை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"ஃபோன்ல போடுங்க்கா. கையில குடுக்கக் கூடாதுங்க."

பழனாத்தாவிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதற்கென்ன என்று ராசுக்குட்டி கடை ஃபோனையே கொடுத்து, அவர் விரலைப் பிடித்து அழுத்தி, ஆர்டர் போடவைத்தான். அடுத்த நொடி அதே ஃபோனில் மணி அடித்தது. மூன்று பேருக்கும் புல்லரித்துப் போயிற்று. முதல் ஆர்டர் அல்லவா. பாக்கெட்டைக் கட்டி, மெஸ் விலாசம் எழுதி, கூரியர்காரரை வரவழைத்து மாலை போட்டு அனுப்பினார்கள். பழனாத்தா தன் மெஸ் வாசலில் நின்றபடி தன்னுடைய அப்பளம் பைக்கில் ஏறி ஈரோட்டுப் பக்கம் போவதைப் பார்த்தார்.

மூன்று நாள் கழித்து அது திரும்பி வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே தூள். பழனாத்தா அதை வறுத்து ரசத்தில் தூவினார். நாச்சிமுத்து எதிரிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, பொருள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று ஃபேஸ்புக்கில் எழுதச் சொன்னான். அதற்குப் பிறகு பழனாத்தா கடைப்பக்கம் வரவில்லை. அப்பளமே வேண்டாம் என்று வடகம் போட ஆரம்பித்துவிட்டார்.

மார்கழி பிறந்துவிட்டது. காட்டவேண்டியது நூறு பேர், கையில் இருந்ததோ ஒரு பேர். நாச்சிமுத்துவின் கனவில் கோழிகள் வரிசையாக வந்து கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தன. மூன்றாவது விஷயத்தைக் கையிலெடுப்பது என்று முடிவுசெய்து மூவரும் உட்கார்ந்தார்கள்.

"பத்து வாங்குனா பதினொண்ணாவது இலவசம். சரி, பத்து வரைக்கும் ஆரு எண்ணறது?" என்றான் சென்னியப்பன்.

"வாங்கறவங்களே எண்ணட்டுமுங்கண்ணா" என்றான் ராசுக்குட்டி.

"அப்ப அவங்களுக்குச் சிரமம். சார் எளிமையா வெக்கச் சொல்லியிருக்காரு."

"அப்ப நாம எண்ணலாமுங்களா?"

"நாம எண்ணுனா நமக்குச் சிரமம்."

மூன்று பேரும் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் வந்து நின்று போனது. அப்புறம் சென்னியப்பன் நிதானமாகச் சொன்னான்.

"கடைசியில குடுக்கறதாலதானே எண்ண வேண்டியிருக்குது. பதினொண்ணாவதை முதல்லயே குடுத்துட்டா?"

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பங்காளியைக் கொடுத்ததற்காக மனதுக்குள் குலசாமியைக் கும்பிட்டான். ராசுக்குட்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம். பதினொன்றாவதை வாங்கிக்கொண்டு போனவர்கள் மிச்சம் பத்தை வாங்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்றான். சென்னியப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"பத்தைத் தாண்டாம இதுவரைக்கும் ஆராச்சும் பதினொண்ணுக்குப் போயிருக்காங்களாடா?"

ராசுக்குட்டி யோசித்துப் பார்த்து, தனக்குத் தெரிந்து யாரும் போனதில்லை என்று ஒப்புக்கொண்டான்.

பதினொன்றாவது பாக்கெட்டை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று ஃபேஸ்புக்கிலும் எல்லா வாட்ஸப் குழுவிலும் போட்டார்கள். கூட்டத்துக்குக் கூரியர் தாங்காது என்பதால் அன்று ஒருநாள் மட்டும் கையிலேயே கொடுப்பதாகவும் எழுதினார்கள். நாலு பேருக்குச் சொல்ல யாரும் சோம்பல்படவில்லை. ஆடு மேய்க்கப் போனவர்கள் ஆட்டோடு வந்தார்கள். தபால்காரர் தபாலை விட்டுவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் நூற்று நாலு பேர் ஃபோனில் பெயரைப் பதிந்து, ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் பத்தை எப்போது வாங்குவீர்கள் என்று நாச்சிமுத்து ஒவ்வொருவரையும் கேட்டான். அதற்கென்ன, பொறவு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஒருவர் விடாமல் வாக்குக் கொடுத்தார்கள்.

வாக்குக் கொடுத்தவர்கள் வரும்போது சரக்கு இல்லையென்றால் அசிங்கம். இடுப்பு ஒடிய ஒடிய அப்பளம் இட்டு, ஆளுக்குப் பத்து பாக்கெட் வீதம் கட்டி, மேலே பெயர் எழுதி அடுக்கினார்கள். அலமாரி நிறைந்து, பெஞ்சுக்கு அடியிலும் நிறைந்து, சாமி படத்தை மறைத்துக்கொண்டு ஏறிற்று.

மார்கழிக் கடைசியில் அர்த்தநாரி வந்தார். நாச்சிமுத்து ஃபோனை நீட்டினான். அவர் பெயர்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணி, நூற்று நாலு என்று உறுதி செய்துகொண்டு, எல்லாரும் எத்தனை பாக்கெட் வாங்கினார்கள் என்று கேட்டார்.

"பதினொண்ணாவதை வாங்கிட்டாங்க மாமா. இனி வெறும் பத்துதானுங்க பாக்கி."

அர்த்தநாரி ஃபோனைப் பெஞ்சில் வைத்தார். விரலைப் பார்த்தார். பத்து விரலையும் மடக்கி முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு இடமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நாச்சிமுத்துவின் காதில் எட்டாயிரம் கோழிகள் கொக்கரித்தன. ஆனால் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாகவேண்டும். அர்த்தநாரி பக்கத்து ஊர்க்காரராக இருந்தாலும், பிறந்ததும் வளர்ந்ததும் மூணுகிணத்துப்பாளையத்தில்தான்.

"இது தெரியாம இத்தனை நாளா முதலாவதிலிருந்து வித்துட்டு இருந்திருக்கேனே மாப்ளே" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

அன்றே பண்ணைக்குப் போய், பதினொன்றாவது முட்டையட்டையை முதலில் கொடுப்பதாக அறிவித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி கடைக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. காலையில் கோழி முட்டை போட்டதும் மக்களே பண்ணைக்குள் வந்து பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். இனி மாப்பிள்ளை வரவே வேண்டியதில்லை என்றார். நாச்சிமுத்துவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மாமனார் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாலு பேரும் சேர்ந்து, முதல் பத்தை வாங்க வரப்போகிறவர்களுக்காக ரோட்டைப் பார்த்தார்கள்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பழனாத்தா ரோட்டைத் தாண்டி வந்தார். மெஸ்ஸில் வடகத்தை யாரும் தொடவில்லையாம். அந்த லாரிக்காரர்கூட, எண் போட்டிருந்தாலும் பரவாயில்லை, அப்பளம்தான் வேண்டும் என்கிறாராம். ஃபோன் வேண்டாம், கூரியர் வேண்டாம், கையில் காசு இருக்கிறது, பழையபடி அஞ்சு பாக்கெட் கொடு என்றார்.

நாச்சிமுத்து நிறைந்து கிடந்த அலமாரியைப் பார்த்தான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பதினோரு வருஷப் பழக்கம்.

"பதினொண்ணாவது தீந்துருச்சுங்க்கா. நீங்க அன்னைக்கு வராம விட்டுட்டீங்க. அதை வாங்காம முதலாவது எப்படீங்க வாங்குவீங்க?"

"அலமாரி நெறைய இருக்குதே, நாச்சிமுத்து?"

"அதெல்லாம் முதல் பத்துங்க்கா. ஆளுங்க பேரு எழுதியிருக்குது பாருங்க."

பழனாத்தா பார்த்தார். எழுதித்தான் இருந்தது.

"சரி, பதினொண்ணாவது மறுபடி எப்ப வரும்?"

நாச்சிமுத்து சென்னியப்பனைப் பார்த்தான். சென்னியப்பன் அப்பள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இந்த முதல் பத்தும் வித்து முடிஞ்ச பொறவுங்க்கா."

பழனாத்தா அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எங்கேயும் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அர்த்தநாரி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பழனாத்தா காசை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.